ஹெல்மி கொடுத்த ஸ்கோப்பும் ஐந்து பள்ளங்களும்

கல்யாணம் ஆகாத பையன்களுக்கு ஒரு வார்த்தை. பெண்ணின் குணத்தைப் பாருங்கள். சிரிப்பைப் பாருங்கள். அவள் அம்மாவையும் ஒரு கண் பார்த்து வையுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் பிறந்த தேதியைக் கேட்டுவிடுங்கள். நவம்பர் பதினைந்து என்று பதில் வந்தால், குடித்த காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நான் கேட்கவில்லை. ஹெல்மி ஏலக்காய் போட்ட நிசு என்கிற இனிப்பு ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தாள். அப்புறம் எங்கே தேதி கேட்பது? விஷயம் தெரிந்தபோது மோதிரம் மாற்றியாகிவிட்டது.

மிச்சிகனின் இந்த வடகோடியில் நவம்பர் பதினைந்து என்றால் மான் வேட்டை ஆரம்பம். என்ன கிழமையாக இருந்தாலும் அதே தேதிதான். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. முடிவெட்டும் கடை பூட்டு. பல்வலி வந்தால் பல்லையே பதினாறாம் தேதி வரை பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான், ஏனென்றால் பல் டாக்டரும் காட்டில் இருப்பார். முதல் நாளே ஆண்கள் எல்லாரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு அவரவர் முகாமுக்குக் கிளம்பிவிடுவோம்.

நாற்பது வருஷம். ஹெல்மியின் நாற்பது பிறந்தநாள். ஒன்றுக்குக்கூட நான் வீட்டில் இருந்ததில்லை. அவளும் ஒரு நாள் சண்டை போட்டதில்லை. அதை நினைத்து நான் பயந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் முகாமில் உட்கார்ந்து பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

போன ஜூனில் எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் வந்தது. நான் அவளுக்கு ஒரு இரும்பு வாணலி கொடுத்தேன். நல்ல கனமான வாணலி. அவள் எனக்கு ஒரு ஸ்கோப் கொடுத்தாள். துப்பாக்கியின் முதுகில் உட்காருமே, அந்தத் தூரக்கண்ணாடி. குளிர்காலம் முழுக்கக் கம்பளிக் கையுறை பின்னி, சர்ச் சந்தையில் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியது. கடைக்காரனை வைத்தே என் துப்பாக்கியில் மாட்டியும் கொண்டுவந்திருந்தாள். என் வாணலி அடுப்புமேல் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்காவா? ஹெல்மி, நான் அழுதுடுவேன்."

"அழு, பரவாயில்ல. ஆனா ஒரு கண்டிஷன்."

"நூறு சொல்லு."

"ஒண்ணே ஒண்ணுதான். இது மேல ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்துச்சுன்னா, அந்த வருஷம் என் பிறந்தநாளுக்கு நீ வீட்ல இருக்கணும்."

"அவ்வளவுதானா? இதை நான் குழந்தை மாதிரி பார்த்துக்குவேன்."

"நம்ம குழந்தையை நீ பார்த்துக்கிட்ட லட்சணம் எனக்குத் தெரியும். ரெண்டு தடவை கட்டில்லேருந்து விழுந்தா."

பக்கத்து வீட்டு மெர்ட்டன் சாட்சி. இனிப்பு சாப்பிட வந்தவன், வாயில் கேக்கோடு தலையாட்டினான். நான் கை கொடுத்தேன். அவள் கையைக் குலுக்கினாள், ரொம்ப அழுத்தமாக.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சர்ச்சிலிருந்து வந்ததும், மூக்குக் கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியை எடுத்து ஸ்கோப்பைத் துடைப்பாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். அது தணிக்கை.

நவம்பர் முதல் வாரம். குறி சரிபார்க்க நானும் மெர்ட்டனும் பழைய சரளைக் குழிக்குப் போனோம். என்னுடையது செமி ஆட்டோமேடிக். ஒரு தடவை சுட்டதும், காலியான பித்தளைக் கூட்டைப் பக்கவாட்டில் துப்பிவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஸ்கோப் இல்லாத காலத்தில் அது எங்கே துப்பியது என்று நான் ஏன் பார்க்கப் போகிறேன்? அது துப்பும், நான் சுடுவேன். எங்களுக்குள் தகராறே கிடையாது.

சுட்டேன். 'டங்' என்று ஒரு சத்தம். குறிப்பலகையின் ஆணியில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி சுட்டேன். மறுபடி 'டங்'. ஆஹா, எல்லாத் தோட்டாவும் ஒரே இடத்தில்! ஐந்து தோட்டாவும் சுட்டுவிட்டுப் பார்த்தால், பலகையில் மூன்று ஓட்டை. ஸ்கோப்பின் வலப்பக்கத் திருகு மூடியில் ஐந்து பள்ளம், பள்ளத்துக்கொன்றாக மஞ்சள் கோடு. என்னைவிட என் துப்பாக்கி நன்றாகக் குறிபார்த்திருந்தது.

மெர்ட்டன் குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான், சாவு வீட்டில் கழற்றுகிற மாதிரி.

"ரெய்னோ, நீ செத்தே."

"சத்தம் போடாதே."

"இங்க யாருடா இருக்கா கேட்க?"

"ஹெல்மி காது எவ்வளவு தூரம் கேட்கும்னு உனக்குத் தெரியாது."

மஞ்சள் கோட்டைக் கறுப்பு மையால் மூடினேன். பள்ளத்தை எதனால் மூடுவது? வீட்டுக்கு வந்ததும் முதலில் கையில் கிடைத்த கம்பளிச் சாக்ஸை ஸ்கோப்புக்கு மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. துணியோடு அவளும் வந்தாள்.

"ரெய்னோ, துப்பாக்கிக்கு ஏன் என் சாக்ஸ்?"

"குளிருது."

"துப்பாக்கிக்கா?"

"கண்ணாடிக்கு. பனி படிஞ்சிடும்னு மெர்ட்டன் சொன்னான்."

"வீட்டுக்குள்ளயா? அடுப்புக்குப் பக்கத்துலயா?"

"பழக்கணும் இல்லையா? திடீர்னு காட்டுக்குப் போனா அது தாங்குமா?"

அவள் என்னைப் பார்த்தாள். சாக்ஸைப் பார்த்தாள். துணியை மடித்தாள்.

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நாற்பது வருஷத்தில் ஹெல்மி என்னை 'நீங்க' என்று சொன்னது மூன்று நான்கு தடவைதான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று என் கையை விட்டுப் போயிருக்கிறது. ஒரு தடவை படகு.

ஒரு ஒட்டு வேண்டும். பழைய பள்ளத்தை மறைக்க வேண்டும், புதிதாக வரும் கூட்டையும் தாங்க வேண்டும், முதல் நாள் காட்டில் என் மானம் போகாமலும் இருக்க வேண்டும். மெர்ட்டனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியாததே கிடையாது. தெரிந்ததில் பாதி தப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

"சைக்கிள் ட்யூப்" என்றான். "ஒரு துண்டு வெட்டிச் சுத்திக் கட்டு. ரப்பர் எல்லாத்தையும் தாங்கும்."

கட்டினோம். சரளைக் குழிக்குப் போனோம். மெர்ட்டன் என் வலப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தான். ரப்பர் தாங்கவில்லை, எகிற விட்டது. கொதிக்கக் கொதிக்க இருந்த பித்தளைக் கூடு ரப்பரில் பட்டு, ஒரு குட்டிக்கரணம் போட்டு, நேராக மெர்ட்டனின் காலருக்குள் இறங்கியது. எழுபது வயதில் ஒரு மனிதன் அவ்வளவு வேகமாகச் சட்டையைக் கழற்றி நான் பார்த்ததில்லை. பனியில் மல்லாந்து படுத்துப் புரண்டான். எனக்குச் சொல்லித்தந்த கெட்ட வார்த்தைகள் போக மிச்சம் வைத்திருந்ததையும் அன்றைக்குச் சொல்லிவிட்டான்.

"மெத்துனு ஏதாவது வேணும்டா" என்றான் முனகிக்கொண்டே. "இடியை உறிஞ்சிக்கிறது. எகிற விடாதது."

மெத்தென்று. வீட்டுக்கு வந்து தேடினேன். அடுப்பங்கரைக் கையுறை, சோபாவின் அடிப்பக்கம், மேஜைக்கால் ஒட்டு, எல்லாம் பார்த்தேன். கடைசியில் குளியலறை அலமாரியில் கிடைத்தது. ஹெல்மி காலில் ஒட்டிக்கொள்கிற துணி. ஒரு பக்கம் பசை, ஒரு பக்கம் பீச் பழத்தோல் மாதிரி மெத்து. பூட்ஸ் குதிகாலைக் கடிக்காமல் இருக்க வைத்திருப்பது. ஒரே ஒரு புது அட்டை இருந்தது.

அதைத் திருகு மூடி அளவுக்கு வெட்டிச் சுற்றி ஒட்டினேன். கறுப்பு மை பூசினேன். ஸ்கோப்போடு பிறந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. குழிக்குப் போய்ச் சுட்டேன். 'டங்' இல்லை. 'பொத்' என்று ஒரு சின்னச் சத்தம், தலையணையில் குட்டிய மாதிரி. கூடு சாதுவாகக் காலடியில் விழுந்தது. ஒட்டை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன், புதுப் பள்ளம் ஒன்றுகூட இல்லை. நான் துப்பாக்கிக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். மெர்ட்டன் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தணிக்கையிலும் ஒட்டு தேறிவிட்டது. ஹெல்மி அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஃபேக்டரிலேயே வர்றது."

"போன வாரம் இல்லையே."

"சாக்ஸ் போட்டிருந்துச்சே, நீ எங்க பார்த்தே?"

"அதுவும் சரிதாங்க" என்றாள். படகு ஞாபகம் வந்தது. ஆனால் ஜெயித்தவனுக்கு ஞாபகசக்தி குறைவு. முகாமுக்குச் சாமான் கட்ட ஆரம்பித்தேன்.

பதின்மூன்றாம் தேதி சர்ச்சில் பாஸ்டி நாள். வேட்டைக்குப் போகிறவர்களுக்காக எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப் மாதிரி ஒரு கிழங்கும் வைத்து, மாவை மடித்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பாஸ்டி சுடுவார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே வேலை. ஹெல்மி காலையில் பூட்ஸை எடுத்துவைத்துக்கொண்டு குளியலறை அலமாரியைக் குடைந்தாள்.

"ரெய்னோ, என் கால் ஒட்டைப் பார்த்தியா?"

"எந்த ஒட்டு?"

"குதிகாலுக்கு ஒட்டுறது. புது அட்டை வெச்சிருந்தேன்."

"எலியா இருக்கும்."

"எலிக்கு எதுக்குக் கால் ஒட்டு?"

"அதுக்கும் நாலு கால் இருக்கே, ஹெல்மி."

அவள் அலமாரியைச் சாத்தினாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். நான் சாமான் கட்டினேன்.

சாயங்காலம் வாசலில் மெர்ட்டனின் வண்டி அவளை இறக்கிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படியில் ஏறும்போது கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு படி, நின்றாள். இன்னொரு படி, நின்றாள். இரண்டு காலையும் நொண்டினாள். மறு கையில் எனக்கென்று தனியாகச் சுட்ட பாஸ்டி, சூடு ஆறாமல் இருக்கத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே வந்துவிட்டது. ஒரு உலோகக் குழாய்க்கு மெத்தை வைப்பதற்காக இவள் காலடியிலிருந்து மெத்தையை உருவியிருக்கிறேன். நாற்பது வருஷமாக இந்த வீட்டுக்குள் நான் பனியோடு மிதித்துக்கொண்டு வரும் போதெல்லாம் தரையைத் துடைத்த பெண். என்னைவிட மடையன் இந்த ஊரில் இருக்க முடியாது. மெர்ட்டனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவளை உட்காரவைத்தேன். பூட்ஸைக் கழற்றினேன். வலது குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து அவள் காலை எடுத்து உள்ளே வைத்தேன். தரையில் உட்கார்ந்தபடி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"எலி இல்ல, ஹெல்மி. நான்தான்."

"என்னது?"

எழுந்துபோய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்தேன். அவள் கண் முன்னாலேயே ஒட்டை உரித்தேன். ஐந்து பள்ளமும் விளக்கு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தன. ஹெல்மி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்திலிருந்து வெந்நீர் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள்.

"நாலு கால் இருக்கே ஹெல்மின்னு சொன்னியே, நாலு கால்!"

"மன்னிச்சிடு. நீ குளிர்காலம் பூரா பின்னி வாங்கின ஸ்கோப். மனசு கஷ்டப்படுமேன்னு மறைச்சேன்."

"மனசு கஷ்டப்படுமேன்னா? இல்ல காட்டுக்குப் போக முடியாதேன்னா?"

"ரெண்டும். முதல்ல காடு. இப்ப நீ." துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன், "பதினஞ்சாம் தேதி நான் வீட்ல இருக்கேன். கை கொடுத்திருக்கேன்."

ஹெல்மி சிரிப்பை நிறுத்தினாள். ஈரக் கையால் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த முடி இல்லை, ஒதுக்குவதற்கு அதிகம் கிடையாது. இருந்தாலும் ஒதுக்கினாள்.

"நல்ல மனுஷன்யா நீ" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் மூன்று வேட்டைக் காலங்களை விட்டுக்கொடுத்திருப்பேன்.

மறுநாள் மெர்ட்டனிடம் சொன்னேன், இந்த வருஷம் நான் வரவில்லை என்று. வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். முப்பது வருஷமாக முகாமில் அடுத்தடுத்த கட்டிலில் படுக்கிறவர்கள் நாங்கள். அவன் 'அப்படியா' என்றான். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விசில் அடித்துக்கொண்டே போனான். மனுஷனுக்கு வயசாகிவிட்டது, விஷயம் ஏறவில்லை என்று பரிதாபப்பட்டேன்.

ஹெல்மி மிச்ச பாஸ்டியையும் சுருட்டிய பழைய கம்பளம் ஒன்றையும் சர்ச்சில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மத்தியானம் கிளம்பினாள். இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தாள். நான் வீட்டில் இருந்து அவள் பிறந்தநாளுக்குத் திட்டம் போட்டேன். காலையில் அவள் எழுவதற்குள் அப்பம், காப்பி, அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் நல்ல கோப்பை. கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. ஒரு நல்ல கணவன் இப்படித்தான் இருப்பான் என்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

பதினைந்தாம் தேதி காலை. எழுந்தேன். பக்கத்தில் போர்வை மேடாக இருந்தது. சத்தம் போடாமல் அடுக்களைக்குப் போய் முட்டையையும் மாவையும் கலந்து அப்பத்தை அடுப்பில் வைத்தேன். உப்பி வந்தது. தட்டில் காப்பியோடு எடுத்துக்கொண்டு, காலால் கதவைத் தள்ளி, என் மிக இனிமையான குரலில் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன்.

மேடு அசையவில்லை. போர்வையைத் தூக்கினேன். இரண்டு தலையணை.

கூடத்துக்கு ஓடினேன். சுவரில் துப்பாக்கி இல்லை. ஆணியில் என் ஆரஞ்சு மேல்சட்டை இல்லை. வாசலில் பனியில் மெர்ட்டனின் வண்டிச் சக்கரத் தடம், காட்டுப் பாதையை நோக்கிப் போயிருந்தது.

தொலைபேசி அடித்தது. பாய்ந்தேன். மினியாபொலிஸிலிருந்து எங்கள் மகள் கைசா.

"அப்பாவா? நீ எப்படி வீட்ல? அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அம்மா இல்ல."

"எங்க?"

"மான் வேட்டைக்குப் போயிருக்கா."

"நீ?"

"அப்பம் சுட்டுக்கிட்டு இருக்கேன்."

எதிர்ப்பக்கம் கேட்ட சிரிப்பு அப்படியே அம்மாவின் சிரிப்பு. கட்டிலிலிருந்து விழுந்த குழந்தை, அதற்கெல்லாம் சேர்த்துவைத்துச் சிரித்தது.

பகல் உச்சிக்கு வந்த நேரம் மறுபடி அடித்தது. முகாமுக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது, அதன் மேல் ஏறினால் மட்டும் மெர்ட்டனின் போன் பேசும்.

"ஹெல்மி! எங்க இருக்கே?"

"நீ மானுக்குப் பதுங்குற மறைவிடத்துல இருந்தேன். சாப்பிட வந்தேன். உள்ள எல்லாம் ஒரே மிட்டாய்க் காகிதம், ரெய்னோ. இதுக்குத்தான் வருஷா வருஷம் வர்றியா?"

"உன் பிறந்தநாளுக்கு நான் வீட்ல இருக்கணும்னு சொன்னியே!"

"ஆமா, சொன்னேன்."

"அப்புறம்?"

"நீ இருக்கணும்னு சொன்னேன். நான் இருப்பேன்னு எப்பச் சொன்னேன்? விறகு உள்ள எடுத்து வெச்சியா?"

வைத்துவிட்டாள். போனை, நான் சொல்வது.

விறகை எடுத்துவைத்தேன். பனி விழ ஆரம்பித்தது. ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். காப்பி போட்டேன். மறுபடி ஜன்னலுக்குப் போனேன். தூரத்தில் எங்கேயோ ஒரு வெடிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். யார் சுட்டது? எதைச் சுட்டது? வழுக்கியிருப்பாளா? குதிகால் வலிக்குமே? கையுறை ஈரமாகியிருக்குமோ? ஜன்னல் பலகையில் ஒரு இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. சரியாக முழங்கையை ஊன்றுகிற இடம். நான் இதுவரை அதைப் பார்த்ததேயில்லை. என் முழங்கையை அதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பகல் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாற்பது பகல் நின்றவளுக்குத் தெரியும். கொல்லையில் இருக்கும் ஆவிக்குளியல் அறைக்கு, எங்கள் சவுனாவுக்கு, அடுப்பு மூட்டினேன்.

வெளிச்சம் மங்கும்போது வண்டி வந்தது. பின்னால் ஒரு மான். எட்டுக் கிளைக் கொம்பு. நான் கடைசியாகச் சுட்டது எட்டுக் கிளைக் கொம்பா என்று கேட்காதீர்கள். ஹெல்மி குதித்து இறங்கினாள். என் ஆரஞ்சு மேல்சட்டை அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. கன்னம் இரண்டும் சிவந்து, தொப்பிக்கு வெளியே முடி பறந்து, என் தட்டில் நிசு ரொட்டி வைத்த பெண் மாதிரியே இருந்தாள். எனக்குக் கோபப்படக்கூட மறந்துவிட்டது.

"நொண்டலியே நீ" என்றேன்.

"வலது கால் நிஜமாவே வலிச்சுது. புது ஒட்டு வாங்கிப் போட்டேன்."

"அன்னைக்கு ரெண்டு காலையும் நொண்டினியே?"

"இடது கால் உனக்காக."

மெர்ட்டன் வண்டியிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தான். நான் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தேன். ஒட்டு இல்லை. புதுப் பள்ளமும் இல்லை. ஆனால் ஸ்கோப் ஒரு விரல் உயரம் எழுந்து நின்றது.

"இது என்ன, வளர்ந்திருக்கு?"

"வளையம் மாத்தினேன். நேத்து குழியில வெச்சுக் குறியும் பார்த்தாச்சு. மெர்ட்டன் உதவினான்."

"வளையமா?"

"ஸ்கோப்பைப் பிடிச்சிருக்கிற வளையம். ஜூன்ல கடைக்காரன்கிட்ட கேட்டேன், இந்தத் துப்பாக்கி துப்புற கூடு ஸ்கோப்புல இடிக்குமான்னு. தாழ்ந்த வளையம்னா கட்டாயம் இடிக்கும், உயர்ந்த வளையம்னா அடியிலேயே போயிடும்னான். ரெண்டையும் வாங்கிட்டேன்."

"தாழ்ந்ததை எனக்கு மாட்டினே."

"உயர்ந்ததை எனக்கு மாட்டினேன்."

"நீயே வாங்கின ஸ்கோப்பை நீயே அடிபட விட்டியா?"

"பள்ளம்தானே? கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. உன் மேல இல்லாத பள்ளமா? உன்னை நான் தூக்கியா போட்டேன்?"

மானை இறக்கிக் கொட்டகையில் தொங்கவிட்டோம். மெர்ட்டன் என் கண்ணைப் பார்க்காமல் குட்நைட் சொல்லிவிட்டுப் போனான்.

சவுனாவில் உட்கார்ந்தோம். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழும்பி இரண்டு பேரையும் மூடியது. ஹெல்மி கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள்.

"சின்ன வயசுல அப்பாகூட வருஷா வருஷம் போவேன்" என்றாள். "கல்யாணமான முதல் வருஷம் உன்கிட்ட கேட்கலாம்னு இருந்தேன். நீ பூட்ஸ் மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னே. கிறிஸ்துமஸ் வந்த மாதிரி முகம். அதைப் பார்த்துட்டு என்னத்தைக் கேட்கிறது? அப்புறம் கைசா பிறந்தா. அப்புறம் அப்படியே பழகிப்போச்சு."

"இப்பவாவது நேரா கேட்டிருக்கலாமே, ஹெல்மி. வான்னு கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

"போயிருப்பே. போய் என் பின்னாலயே நின்னு, இங்க வழுக்கும், அங்க உடையும், இப்பச் சுடு, இப்பச் சுடாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்திருப்பே. எனக்கு ஒரே ஒரு நாள் வேணும்னு இருந்துச்சு. காடும் நானும் மட்டும். பேச்சே இல்லாம."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. சாயங்காலம் மட்டும், நீ ஜன்னல்ல நிப்பியேன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நின்னேன்."

"தெரியும்."

அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். இந்தத் தடவை தலையணையிடம் இல்லை, அவளிடமே. இனிமேல் எந்தப் பதினைந்தாம் தேதியும் இவளைத் தனியாக விடுவதில்லை என்று அந்த ஆவிக்குள் உட்கார்ந்து முடிவு செய்தேன். மெதுவாகச் சொன்னேன்.

"ஹெல்மி, அடுத்த வருஷம் முகாமுக்கு ரெண்டு பேருமே போகலாம்."

தூங்கிவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன்.

"வா, தாராளமா வா" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "சமையலுக்கு ஒரு ஆள் வேணும்னு மெர்ட்டனும் சொல்லிக்கிட்டிருந்தான்."